பர்மனென்ட் யார் என்று கேட்ட மகனுக்கு

தம்பி,

நீ நலமாக இருக்கிறாய் என்று உன் மாமி போனில் சொன்னாள். மேல்பட்டாம்பாக்கத்துத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதாம், உடம்பு போட்டிருக்கிறாயாம், வாரத்தில் பாதி நாள் மீன் கேட்கிறாயாம். கேட்டதும் வயிறு குளிர்ந்தது. உடனே அதே வயிறு எரியவும் செய்தது. உன்னிடம் அடிபட்ட பழனிவேல் இன்னும் சோற்றைக் கரைத்துத்தான் குடிக்கிறான். நீ மீன் முள்ளைத் துப்பிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தால் சந்தோஷப்படுவதா, சாபம் விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பெற்றவள் என்பதால் சந்தோஷப்பட்டுத் தொலைக்கிறேன்.

வீட்டை விட்டுப் போகும்போது வாசலில் நின்று நீ சொன்னாய்: "அது சாமிதான்னு ஊரறியச் சொல்லு. சொல்ற வரைக்கும் நா இந்த வூட்டுப் படி ஏற மாட்டேன்." நான் யோசித்துப் பார்த்தேன். மைக் பிடித்துப் பேச எனக்கு வராது. ஊரறியச் சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே வழி எழுதுவதுதான். அதனால்தான் இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டவில்லை. வாசகர் வட்டத்துக்காரர்கள் நடத்தும் மாதப் பத்திரிகைக்குக் கொடுத்திருக்கிறேன். நீயும் படி, உன் மாமாவும் படிக்கட்டும், அன்றைக்கு உன் சட்டையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றிய போலீஸ்காரருக்கு நேரம் இருந்தால் அவரும் படிக்கட்டும்.

நான் என்ன சொல்ல வேண்டும் என்பதை உன் மாமா தெளிவாகவே சொல்லிவிட்டார். நான் எழுதிய கவிதை கடவுளைப் பற்றியது என்று சொல்லி, முருகன் கோயிலில் சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் பழனிவேல் டீச்சரான என் மேல் வீண்பழி போட்டவன் ஆகிவிடுவான். அவன் பக்கத்துப் பெரியவர்கள் வெட்கப்பட்டுச் சமரசத்துக்கு இறங்கி வருவார்கள். வழக்கு ஆறிப்போகும். காடாம்புலியூரில் உனக்குப் பேசியிருக்கும் பெண் வீட்டாரும் மாப்பிள்ளையின் தாய் ஒழுக்கமானவள் என்று மனம் தேறிக் கல்யாணத்துக்குத் தேதி குறிப்பார்கள். செய்யாவிட்டால் நீ ஜெயிலுக்குப் போகலாம், கல்யாணமும் நின்றுபோகலாம். இத்தனையும் என் வாயிலிருந்து வர வேண்டிய ஒரு சொல்லில் தொங்குகிறது என்று எல்லோரும் சேர்ந்து என்னை நெருக்குகிறீர்கள். அந்தக் கவிதையை எழுதியபோது அதை யாராவது படிப்பார்களா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

கவிதையை நீ முழுதாகப் படிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பிறர் வாயால் கேட்டாய், கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டாய். இப்போதாவது படி.

கண் கான்ட்ராக்ட், காது கான்ட்ராக்ட்,
உழைத்த கை இரண்டும் கான்ட்ராக்ட்.
கேட்டைத் தாண்டி உள்ளே வந்தவர் எல்லாம்
பொழுது சாய்ந்தால் வெளியேறத்தான் வேண்டும்.
என்னுள் நீ ஒருவன்
பர்மனென்ட்.

வேறு ஊரில் இதை எழுதியிருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நெய்வேலியில் பர்மனென்ட் என்பது ஒரு சாதாரணச் சொல்லா? பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பி டம்ளரைக் கையில் வாங்குவதற்குள் கேட்டுவிடுகிறார்கள், பையன் பர்மனென்ட்டா கான்ட்ராக்டா என்று. பர்மனென்ட்டுக்குக் குவார்ட்டர்ஸ் உண்டு, வீட்டைச் சுற்றி மாமரம் உண்டு. கான்ட்ராக்டுக்கு கேட் பாஸ் உண்டு. அதே மைன்ஸில் இறங்கி, அதே கரித்தூசியைக் குடித்து, ஒருவன் டவுன்ஷிப் பிளாக்குக்குள் இருக்கும் வீட்டுக்குப் போவான், இன்னொருவன் ஆர்ச் கேட்டுக்கு வெளியே நம்மைப்போல் வாடகை வீட்டுக்குப் போவான். இங்கே 'அவர் பர்மனென்ட்' என்றால் அவர் என்றும் இருப்பவர் என்று பொருள் இல்லை, அவருக்கு வேலை நிலைத்துவிட்டது என்று பொருள். நான் எழுதியது ஒன்று, ஊர் படித்தது ஒன்று. என் கவிதைப் புத்தகம் வெளிவந்து கொஞ்ச நாளில் மீன் மார்க்கெட்டில் பெண்கள் என்னைப் பார்த்துக் குசுகுசுக்க ஆரம்பித்தார்கள். டீச்சருக்கு ஒரு பர்மனென்ட் இருக்கிறாராம், எந்த பிளாக்கோ, எந்த ஷிப்டோ என்று. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. உன் காதுக்கும் அது வந்திருக்கும் என்று அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

புத்தகத்தின் பின்னட்டையில் 'காதல், உண்மை, கடவுள்' என்று அச்சகத்துக்காரர் மளிகைக் கடைப் பலகை மாதிரி எழுதிவிட்டார். அதனால் வாசகர் வட்டத்துக் கூட்டத்தில் பேச வந்தவர்கள் ஆளுக்கு ஒரு சாமானை எடுத்துக்கொண்டார்கள். ரிட்டயர்டு இன்ஜினியர் ஒருவர் கடவுளை எடுத்துக்கொண்டு, ஜீவாத்மா கான்ட்ராக்ட், பரமாத்மா பர்மனென்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு பேசினார். சங்கத்துத் தோழர் உண்மையை எடுத்துக்கொண்டு, இது நிரந்தரம் கேட்கும் தொழிலாளியின் குரல் என்று மேசையைத் தட்டினார். இருவரும் எனக்கு ஆளுக்கொரு சால்வை போர்த்தினார்கள். நான் இருவருக்கும் தலையாட்டினேன். சால்வை போர்த்திய கையோடு ஒருவர் சொல்வதை மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். காதலை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஐம்பது தாண்டிய விதவையிடம் அதைக் கேட்க அவர்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கும்.

அப்போதுதான் பழனிவேல் எழுந்தான். உன்னோடு கன்வேயரில் கான்ட்ராக்டு வேலை பார்த்தவன். வளையமாதேவியில் அவன் வீட்டு நிலத்தில் பாதி மைன்ஸுக்குப் போய்விட்டது, மீதியில் என்ன விளைகிறது என்று கேட்டால் கவலை விளைகிறது என்பான். உன் டிபன் டப்பாவில் நான் வைத்த எலுமிச்சை சாதத்தில் பாதி தினமும் அவன் வயிற்றுக்குத்தான் போனது. அவன் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூச்சத்தோடு நின்றான். மைக்கை அவனிடம் நீட்டினார்கள்.

"டீச்சர் கோச்சிக்கக் கூடாது. இது சாமியும் இல்லீங்க, சங்கமும் இல்லீங்க. நெசமா ஒரு ஆள நெஞ்சுல வெச்சிக்கினு எழுதுனது. அதனாலதான் படிக்கசொல்ல எனக்கு அழுவ வந்துச்சி."

அவன் சொன்னது அவ்வளவுதான். அதில் ஒரு எழுத்துகூட என்னை இழிவுபடுத்தவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த உன் செக்‌ஷன் ஆபீசர்தான் காலை ஆட்டிக்கொண்டே, "எந்த டிவிஷன்னு கேளுப்பா" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. இன்ஜினியர் சிரித்தார், தோழர் சிரித்தார், எனக்குச் சால்வையை மடித்துக் கொடுத்த பையன்கூடச் சிரித்தான். பழனிவேல் மட்டும் சிரிக்காமல், தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று என்னைப் பார்த்தான்.

நீ கடைசி வரிசையிலிருந்து இரும்பு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். வந்த வேகத்தில் ஆபீசரைத்தான் அடிக்கப் போகிறாய் என்று நினைத்தேன். அவருடைய முழங்காலை உரசிக்கொண்டு நீ தாண்டிப் போனாய். முதல் அடி பழனிவேலின் காதோடு சேர்த்து விழுந்தது. அவன் திரும்பி, "டேய், நாந்தான்டா" என்றான். ஆள் தெரியாமல் அடிக்கிறாய் என்று நினைத்துவிட்டான், பாவம். இரண்டாவது அடி தாடையில் விழுந்தது. அவன் கையில் மைக் இருந்ததால் எலும்பு உடைந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. விழுந்தவனின் மார்பில் ஏறி உட்கார்ந்து குத்தினாய். பல் தெறித்து மேடைப் படிவரை வந்தது. அவன் கையை உயர்த்திக்கூடத் தடுக்கவில்லை, அல்லது அவனால் முடியவில்லை. உன்னை இழுத்துப் பிடிக்க ஆள் வருவதற்குள் அவன் முகம் எது, சட்டை எது என்று தெரியாதபடி ஆகிவிட்டது. எனக்குப் போர்த்திய சால்வையைத்தான் சுருட்டி அவன் வாயில் வைத்து அழுத்தினேன். அது ஊறிப்போய் இன்னொரு சால்வையையும் எடுத்தேன்.

நீ மானத்துக்காக அடித்தாய் என்கிறார் உன் மாமா. அம்மாவைச் சொன்னால் எந்தப் பிள்ளை பொறுப்பான் என்கிறாள் மாமி. நான் மேடையில் இருந்து பார்த்தவள், என்னிடம் அந்தக் கதை செல்லாது. என்னைக் கேலி செய்தவர் பர்மனென்ட். நாளைக்கு உன் கேட் பாஸைக் கிழிக்கக்கூடிய கை அவருடையது. அவரை நீ தொடவில்லை. என்னை மதித்துப் பேசியவன் கான்ட்ராக்ட். அவனை அடித்தால் உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது. அவ்வளவு கோபத்திலும் உன் கைக்கு யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக் கூடாது என்று தெரிந்திருந்தது. கண்மண் தெரியாத கோபம் என்று இனிமேல் யாரிடமும் சொல்லாதே. கோர்ட்டில் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

இந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று நான் தேடிக்கொண்டு வெளியே போக வேண்டியதில்லை. நம் வீட்டிலேயே நிறைய இருந்தது. உன் அப்பா மைன்ஸில் கான்ட்ராக்டு ஃபிட்டர். அடுத்த வருஷம் பர்மனென்ட் ஆகிவிடும் என்று ஒவ்வொரு வருஷமும் திருப்பதிக்கு மொட்டை வேண்டிக்கொள்வார். லிஸ்டில் பெயர் வராத நாளில் குடித்துவிட்டு வருவார். வந்தால் என் முகம்தான் அவருக்கு நோட்டீஸ் போர்டு. உனக்கு ஞாபகம் இருக்கும், ஒருநாள் என் தலையைப் பிடித்து அவர் சுவரில் மோதிக்கொண்டிருந்தபோது நீ ஓடிவந்து அவர் மணிக்கட்டைக் கடித்துத் தொங்கினாய். உதறியும் நீ விடவில்லை. வாயெல்லாம் ரத்தத்தோடு என் முந்தானைக்குள் வந்து ஒளிந்துகொண்டாய். அவர் பாடையில் போகும்போதும் அந்தப் பல் தடம் அவர் கையில் இருந்தது. அன்றைக்கு அடிக்கிற கையைக் கடித்தவன் வளர்ந்து அதே கையாக ஆகிவிட்டாயே என்றுதான் எனக்கு ஆறவில்லை.

என் கையும் ஒன்றும் பால் வடியும் கை இல்லை. அவர் ஒரு காலையில் அடுப்படிக்கே வந்து அடித்தபோது, சுடச்சுட இருந்த தோசைத் திருப்பியால் திருப்பி அடித்தேன். புருவம் கிழிந்து, தையல் போட்டுக்கொண்டு வந்தார். மனைவியிடம் அடிவாங்கியவர் என்று கேட்டில் நிற்கிற செக்யூரிட்டிவரை பரவிவிட்டது. அதற்குப் பிறகு என் மேல் கை வைக்கவில்லை. அப்படியானால் அடிதான் உதவும் என்று நீ பாடம் படித்துக்கொள்வாய். நான் படித்துக்கொண்டது வேறு. அதன் பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் பேச்சே இல்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். நீயும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய்.

போலீஸ் உன்னைப் பெயிலில் விட்ட பிறகு மாமா சூடச் சத்தியத்தோடு வந்தார். நான் மாட்டேன் என்றேன். அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது நீ உள்ளே வந்தாய். நான் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தேன். "யாரு அந்த பர்மனென்ட்டு?" என்று கேட்டாய். நான் தட்டைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். அறைந்தாய். பானை சரிந்து வடிகஞ்சி என் இரண்டு பாதத்திலும் கொட்டியது. கொப்புளம் ஆறிவிட்டது, இடது காது மட்டும் இன்னும் இரைகிறது. பிறகு மீதமிருந்த புத்தகங்களை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லைப்புறச் சாக்கடையில் ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட்டாய். மாமா ஒரு செருப்போடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உன்னைத் தடுக்கவில்லை என்பதையும் ஊரறியச் சொல்லிவிடுகிறேன்.

உன் கோபத்தின் வேர் எனக்குப் புரிகிறது. பர்மனென்ட் என்ற சொல்லை உன் அப்பா வாழ்நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு, கிடைக்காமலே மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். அந்தச் சொல்லை நான் தூக்கி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்று உனக்கு வலிக்கிறது. வலிக்கட்டும், அது நியாயமான வலிதான். அவருக்கு நான் சமைத்துப் போட்டேன், ஆஸ்பத்திரியில் மூத்திரம் அள்ளினேன், இன்றைக்கும் திதி கொடுக்கிறேன். அந்தச் சொல்லை மட்டும் என்னால் அவருக்குக் கொடுக்க முடியவில்லை.

கால் கொப்புளம் உடைந்த பிறகு கடலூர் ஆஸ்பத்திரிக்குப் பழனிவேலைப் பார்க்கப் போனேன். அவன் பெண்சாதி என்னைக் கண்டதும் கையிலிருந்த சொம்பை வீசினாள். தோளில் பட்டது, வாங்கிக்கொண்டேன். "எதுக்கு வந்த? மிச்சம் இருக்கிறதையும் ஒடைக்கவா?" என்று கேட்டாள். அவன்தான் கையைக் காட்டி அவளை உட்கார வைத்தான். தாடைக்குக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒரு காது கேட்கவில்லை என்று டாக்டர் சொன்னாராம். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவன் வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு, பல்லைத் திறக்காமல் ஒன்று கேட்டான். எனக்குப் புரியவில்லை. கேட்கிற காதை அவன் பக்கம் வைத்துக்கொண்டு குனிந்தேன்.

"டீச்சர், நா படிச்சது செரிதானுங்களா?"

தம்பி, மனிதன் வாய் உடைந்து கிடக்கிறான். அவனுக்கு உன் மேல் என்ன ஆத்திரம் வேண்டுமானாலும் இருக்கலாம், என்ன பேரம் வேண்டுமானாலும் பேசலாம். அவன் கேட்டது கவிதையைப் பற்றி. "செரிதான்பா" என்றேன். அவன் கண் சிரித்தது. "அப்ப போதுங்க" என்றான். அவன் பெண்சாதி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

ஆக, நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். அது சாமி இல்லை, ஒரு ஆள். அந்தக் கூடத்தில் அத்தனை பேர் இருந்தும் என் கவிதையைச் சரியாகப் படித்தவன் ஒருவன்தான் இருந்தான், நீ அவன் தாடையை உடைத்தாய்.

இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், சொல்லாவிட்டால் ஊர் தானாக எழுதிக்கொள்ளும். நீ ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்த சமயம். ஷிப்டு ஆட்களை ஏற்றிப் போகும் லேபர் பஸ்ஸை ஒருவர் கான்ட்ராக்டில் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் அக்கா மகள் என் வகுப்பில் படித்தாள். ஆண்டுவிழா மலரில் நான் முருகனைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருந்தேன். எல்லோரும் பாராட்டினார்கள். அந்தப் பெண்ணை அழைத்துப் போக வந்தவர் மட்டும் மலரை மடித்துப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். துன்பமெல்லாம் உன் அருளே என்று நான் எழுதியிருந்த வரியில் விரலை வைத்தார். "இந்த வரி பொய்யிங்க டீச்சர். வீங்கின கன்னத்தோட நின்னுகினு துன்பம் அருளுன்னு எழுதறீங்க. சாமியே இத நம்பாது" என்றார். பவுடர் அப்பி மறைத்திருந்தேன், யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். என் எழுத்தை அதுவரை எத்தனையோ பேர் பார்த்திருந்தார்கள், படித்தவர் அவர்தான். அந்த நிமிஷம் எனக்கு அவர் மேல் வந்தது காதல்தான். அதற்கு வேறு மரியாதையான பெயர் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

பிறகு என்ன நடந்தது, நடந்ததா இல்லையா, அவர் பெயர் என்ன என்று உனக்கும் சொல்ல மாட்டேன், ஊருக்கும் சொல்ல மாட்டேன். அது என்னுடையது. அவர் நம் வீட்டு வாசல் மிதித்ததில்லை என்பதை மட்டும் உன் நிம்மதிக்காகச் சொல்கிறேன். ஒரு தமாஷ் என்னவென்றால், ஊர் முழுக்க ஒவ்வொரு பிளாக்காகத் தேடுகிறார்களே, அவர் பர்மனென்ட்டே இல்லை. கான்ட்ராக்டு முடிந்ததும் பஸ்ஸை ஒப்படைத்துவிட்டு ஊரை விட்டுப் போய்விட்டார். இருக்கிறாரா, போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று எனக்கே தெரியாது.

சாமி என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துபோகும் என்று மாமா கேட்டார். சாமிக்கு ஒன்றும் குறையாது, அவர் இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் பார்த்தவர். தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள் நான், எனக்கும் சாமிக்கும் சண்டை இல்லை. ஆனால் அவருக்கு முன்னால் சூடத்தை அணைத்து, பழனிவேல் பொய்யன் என்று சொன்னால், அந்தக் கவிதையோடு நான் எழுதிய எல்லாமே ஆண்டுவிழா மலர் ஆகிவிடும். அவனுக்கு ஒரு காது போயிற்று, அவன் சொன்ன உண்மையையும் பிடுங்கிக்கொள்ளச் சொல்கிறீர்கள். என்னால் முடியாது. இதனால் நீ ஜெயிலுக்குப் போனால் வாராவாரம் வந்து பார்ப்பேன், மீன் செய்து எடுத்து வருவேன், உள்ளே விடாவிட்டால் வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டு வருவேன். சத்தியம் மட்டும் செய்ய மாட்டேன்.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்தது இதுதான். உன் வீட்டுக்கு வருகிற பெண் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஏதாவது முணுமுணுப்பாள். சும்மா இருக்கும்போது எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்குள் உனக்குத் தெரியாத ஒரு ஆள் இருக்கலாம், ஒரு ஊர் இருக்கலாம், ஒரு பயம் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். யாரை நினைக்கிறாய் என்று அதட்டாதே. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள். சொல்லாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக் கொடு. உன் அப்பா ஒரே ஒரு தடவை எனக்குக் காய் நறுக்கிக் கொடுத்திருந்தால் அந்தச் சொல் யாருக்குப் போயிருக்கும் என்று நான் சில நேரம் நினைப்பதுண்டு.

கடைசியாக ஒன்று, இது உனக்குத் தெரியாது. காடாம்புலியூர்ப் பெண் போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டாள். அவர்கள் வீட்டு முந்திரிப் பட்டறையிலிருந்து பேசினாள், பின்னால் கொட்டை உடைக்கும் சத்தம் கேட்டது. "அத்த, நாந்தான் கோமதி" என்றாள். உன் மாமா மகளிடம் கேட்டு என் புத்தகத்தை வாங்கிப் படித்தாளாம், நீ கிழித்தது போக ஒன்று அங்கே இருந்திருக்கிறது. நன்றாக இருந்தது என்றாள். அடுத்து அந்த பர்மனென்ட் யார் என்றுதான் கேட்கப் போகிறாள் என்று நெஞ்சைக் கெட்டியாக்கிக்கொண்டேன். அவள் அதைக் கேட்கவே இல்லை.

"ஒன்னு கேட்டா நெசம் சொல்வீங்களா அத்த? என்ன அடிப்பாரா?"

எனக்கு எத்தனையோ சமாதானம் வாய்வரை வந்தது. கோபம்தான் வரும், குணம் தங்கம். ஒரு கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும். நீ அனுசரித்துப் போனால் போதும். இந்தச் சொற்களை நான் முதன்முதலாகக் கேட்டது உன் அப்பாவைக் கட்டிக்கொள்ளும் முன்பு, அவர் அம்மா வாயிலிருந்து. நான் அவற்றை விழுங்கிவிட்டேன்.

"அடிப்பாம்மா" என்றேன்.

 "சரிங்க அத்த" என்று போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம்தான் பெண் வீட்டில் தேதி குறிக்காமல் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். மாமா ஜாதகத்தில் ஏதோ கோளாறு என்று ஜோசியரை மாற்றிக்கொண்டிருக்கிறார். அவரை அலையவிடாதே, கோளாறு ஜாதகத்தில் இல்லை, நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிடு. அவள் இனி வருவாளா மாட்டாளா என்பது அவள் முடிவு. அவள் வந்தாலும் சரி, வேறு யார் வந்தாலும் சரி, நான் இத்தனை வருஷம் எழுதியதிலும் பேசியதிலும் பொய்யாகிப் போக வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்கிற சொல் அந்த 'அடிப்பான்' ஒன்றுதான். அதைப் பொய்யாக்க என்னால் முடியாது தம்பி, உன் கையால்தான் முடியும்.

உன் அம்மா